இறங்கிய விமானத்தின் இறக்கை ஏன் திறந்துகொள்கிறது?

கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று தனி விமான நிலையம் இல்லை. ஆனால் விமானப் பயணம் இங்கே யாருக்கும் புதிதல்ல. மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல், தக்கலை என்று எந்தப் பக்கம் போனாலும் வளைகுடாவில் ஒருவராவது வேலை பார்க்கும் வீடுகள் இருக்கின்றன. அவர்கள் பெரும்பாலும் வந்து இறங்குவது திருவனந்தபுரத்தில். இறக்கைக்குச் சற்றுப் பின்னால் ஜன்னலோர இருக்கை கிடைத்தவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். சக்கரம் தரையைத் தொட்டதும், அதுவரை வழவழவென்று ஒரே பரப்பாகக் கிடந்த இறக்கையின் மேல்புறம் தகடு தகடாக நிமிர்ந்து நிற்கும். உள்ளே இருக்கும் தண்டுகளும் குழாய்களும் வெளியே தெரியும். இடைவெளி வழியாக ரன்வே பின்னோக்கி ஓடுவதுகூடக் கண்ணில் படும். கூடவே ஓர் அதிர்வு, காற்றின் இரைச்சல்.

முதல்முறை பார்ப்பவருக்கு இறக்கை பிய்ந்துவிட்டதோ என்று பயம் வருவது இயல்பு. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், "அது ஏர்பிரேக், காற்றைத் தடுத்து விமானத்தை நிறுத்துது" என்று சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதிதான் முக்கியம். ஓடும் விமானத்தை நிறுத்துவதில் பெரும்பங்கு சக்கரத்தில் இருக்கும் பிரேக்குடையது. சக்கரம் தரையை அழுத்தினால்தான் அந்தப் பிரேக் பிடிக்கும். இறக்கை இன்னும் விமானத்தைத் தூக்கிக்கொண்டிருக்கும்வரை சக்கரம் தரையை அழுத்தாது. அந்தத் தூக்குதலை ஓரிரு நொடியில் ஒழித்துக்கட்டுவதுதான் இந்தத் தகடுகளின் முதல் வேலை. மழைக்காலத்தில் விமானம் கொஞ்சம் முரட்டுத்தனமாக இறங்குவதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இறங்க மறுக்கும் இயந்திரம்

இறக்கையின் மேலும் கீழும் காற்று ஓடும்போது மேல்புறத்தில் அழுத்தம் குறைகிறது. அந்த அழுத்த வேறுபாடு இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது. இதைத் தூக்குவிசை என்போம். வேகம் இரண்டு மடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்காகும். விமானம் முன்னே போவதை எதிர்த்துக் காற்று பின்னுக்கு இழுக்கும் விசை காற்றுத்தடை.

பெரிய ஜெட் விமானங்களை வடிவமைப்பவர்கள் தூக்குவிசையை அதிகமாகவும் காற்றுத்தடையைக் குறைவாகவும் வைக்கத்தான் இரவுபகலாக உழைக்கிறார்கள். எரிபொருள் மிச்சமாவது அதில்தான். விளைவு, எஞ்சினின் விசையை அறவே குறைத்துவிட்டாலும் விமானம் தொப்பென்று விழாது. வழுக்கிக்கொண்டே வெகுதூரம் போகும். பைலட்டுகள் மனக்கணக்காக வைத்திருக்கும் விதி ஒன்று உண்டு: 1,000 அடி இறங்க 3 கடல்மைல் தூரம் வேண்டும். ஒரு கடல்மைல் என்பது 1.852 கி.மீ. ஆகவே 35,000 அடியிலிருந்து இறங்க சுமார் 105 கடல்மைல், அதாவது கிட்டத்தட்ட 195 கி.மீ. ஆகும்.

இதை நம் பக்கத்து வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து திருவனந்தபுரம் வரும் விமானம் அந்த உயரத்தில் பறந்தால், மதுரைப் பக்கம் வரும்போதே இறங்கத் தொடங்கிவிட வேண்டும். வளைகுடாவிலிருந்து வரும் விமானம் நடுக்கடலிலேயே தொடங்கிவிடும். கொஞ்சம் தாமதித்தால் கணக்கு தவறும், விமான நிலையம் நெருங்கிவிடும், உயரமோ குறைந்திருக்காது.

மூக்கைக் கீழே குத்தினால் சீக்கிரம் இறங்கலாமே என்று கேட்கலாம். இறங்கலாம், ஆனால் வேகம் ஏறிவிடும். ஏறிய வேகத்தைக் குறைக்க மறுபடி தூரம் வேண்டும். வழுக்கலான விமானத்தில் இறங்குவது, வேகத்தைக் குறைப்பது இரண்டையும் ஒன்றாகச் செய்வது கடினம். தகடுகளுக்கு முதல் தேவை அங்கேதான் எழுகிறது.

தகடுகள் எங்கே, எத்தனை?

இறக்கையில் அசையும் பாகங்கள் பல. குழப்பம் வராமலிருக்க மூன்றை மட்டும் பிரித்துக்கொள்வோம்.

1. ஃபிளாப்: இறக்கையின் பின்விளிம்பிலிருந்து பின்னும் கீழும் நீளும் பெரிய பாகம். இறங்கும் முன் மெதுவாக வெளியே வருவது இதுதான். தூக்குவிசையைக் கூட்டும். குறைந்த வேகத்திலும் விமானம் பறக்க இதுதான் உதவுகிறது.

2. எய்லரான்: இறக்கை நுனிப் பக்கம் மேலும் கீழும் அசையும் பாகம். விமானத்தை இடமும் வலமும் சாய்க்க.

3. ஸ்பாய்லர்: இறக்கையின் மேல்பரப்பில், ஃபிளாப்புக்குச் சற்று முன்னால் பதிந்திருக்கும் தகடுகள். முன்விளிம்பில் கீல் இருக்கும், பின்விளிம்பு மேலே எழும். நாம் பேசிக்கொண்டிருப்பது இதைத்தான்.

போயிங் 737-800 விமானத்தில் இறக்கைக்கு 6 வீதம் மொத்தம் 12 தகடுகள். அதில் 8 வானத்திலும் தரையிலும் பயன்படும். உடலை ஒட்டி உள்ளே இருப்பதில் ஒன்று, நுனிப்பக்கம் ஒன்று என இறக்கைக்கு 2 வீதம் இருக்கும் மற்ற 4 தகடுகள் தரையில் மட்டுமே திறக்கும். ஏர்பஸ் ஏ320-இல் இறக்கைக்கு 5 வீதம் 10. போயிங் 777-இல் 14. ஒவ்வொரு தகட்டையும் தூக்குவது ஹைட்ராலிக் அழுத்தம், அதாவது குழாய்களில் அழுத்திச் செலுத்தப்படும் திரவத்தின் பலம். 737, ஏ320 இரண்டிலும் அது 3,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு). எதிரே மணிக்கு 250 கி.மீ.க்கு மேல் காற்று வீசும்போது ஒரு தகட்டை அதற்கு எதிராக நிமிர்த்த அவ்வளவு பலம் தேவைப்படுகிறது. தரையில் முழுதாகத் திறக்கும்போது 50 முதல் 60 டிகிரி வரை எழும்.

தகடு எழுந்ததும் இரண்டு காரியம் நடக்கிறது. மேல்பரப்பை ஒட்டி வழுவழுப்பாக ஓடிய காற்று தகட்டில் மோதி, பரப்பை விட்டுப் பிரிந்து, பின்னால் சுழலாகக் கலைகிறது. அந்தப் பகுதியில் தூக்குவிசை சரிந்துவிடும். கூடவே காற்றுத்தடையும் பலமாக ஏறும்.

இதே தத்துவத்தை நம் மாவட்டத்திலேயே பார்க்கலாம். ஆரல்வாய்மொழிக் கணவாய், முப்பந்தல் பக்கம் நிற்கும் காற்றாலைகளின் இலைகளும் விமான இறக்கைகள் மாதிரிதான். அவற்றைச் சுழற்றுவதும் தூக்குவிசையே. காற்று அளவுக்கு மீறி வீசினால், அவ்வளவு பெரிய சக்கரத்தை இரும்புப் பிரேக் போட்டு மட்டும் அடக்க முடியாது. இலை அசையாமல் பொருத்தப்பட்ட பழைய வகை ஆலைகள் பலவற்றில் இலையின் நுனி மட்டும் குறுக்காகத் திரும்பிக்கொள்ளும். புதிய வகையில் முழு இலையுமே திரும்பும். தூக்குவிசை கெட்டுப்போகும், சுழற்சி அடங்கும். முதலில் காற்றின் பிடியைத் தளர்த்திவிட்டு, அப்புறம் பிரேக்கை நம்பும் அந்த வரிசைதான் விமானத்திலும்.

வானத்தில் திறக்கும்போது

பறக்கும்போது தகடுகளைப் பாதியளவு திறந்தால் அதை ஸ்பீட்பிரேக் என்பார்கள். தகடுகள் அதேதான், வேலை மட்டும் வேறு. இறங்கத் தாமதமாகிவிட்டது, அல்லது கட்டுப்பாட்டு அறை "சீக்கிரம் இறங்குங்கள்" என்கிறது, அல்லது வேகத்தைக் குறைக்கச் சொல்கிறது. அப்போது பைலட் நெம்புகோலைப் பின்னுக்கு இழுப்பார். பயணிகளுக்கு ஒரு குறுகுறுப்பான அதிர்வு தெரியும். தகடுகளிலிருந்து பிரியும் சுழல்காற்று இறக்கையையும் உடலையும் உலுக்குவதால் வருவது அது. ஆபத்து இல்லை.

கிழக்கிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வரும் விமானங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்ட வேண்டும். அகத்தியர் மலை மட்டுமே 1,868 மீட்டர். மலைக்கு மேலே பாதுகாப்பான உயரத்தை விட்டுக் கீழே வர முடியாது. மலை தாண்டினால் கடற்கரை பக்கத்தில்தான். ஐப்பசி மாத மாலைகளில் இடிமேகங்களைச் சுற்றி வர வேண்டியிருந்தால் கணக்கு இன்னும் இறுகும். இப்படிப்பட்ட நேரங்களில் ஸ்பீட்பிரேக் கைகொடுக்கும்.

காற்றுத்தடையும் வேகத்தோடு நான்கு மடங்கு, ஒன்பது மடங்கு என்று ஏறுவது என்பதால், வேகம் அதிகமாக இருக்கும்போதுதான் ஸ்பீட்பிரேக் நன்றாக வேலை செய்யும். தரையை நெருங்கி, வேகம் குறைந்து, ஃபிளாப்பும் வெளியே வந்த பிறகு அதைத் திறந்து வைத்திருப்பது சரியல்ல. அங்கே தூக்குவிசை ஒவ்வொரு கிலோவும் தேவை. 737-இல் 1,000 அடிக்குக் கீழே ஸ்பீட்பிரேக் பயன்படுத்தக் கூடாது என்று போயிங் சொல்கிறது.

தகட்டைத் திறந்ததை மறந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு 1995 டிசம்பர் 20 அன்று கொலம்பியாவின் காலி நகரை நெருங்கிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965 சாட்சி. போயிங் 757. வழி தவறி மலைகளுக்கு நடுவே இறங்கிக்கொண்டிருந்தது. தரை நெருங்குகிறது என்ற எச்சரிக்கை ஒலித்ததும் பைலட்டுகள் முழு விசை கொடுத்து மேலேற முயன்றார்கள். இறங்குவதற்காகத் திறந்த ஸ்பீட்பிரேக் தகடுகள் அப்போதும் திறந்தே இருந்தன. 159 பேர் இறந்தார்கள். 757-இல் விசை கொடுத்தால் தகடு தானாக மூடாது. ஏ320-இல் அப்படிப்பட்ட நேரத்தில் தகடுகள் தாமாக உள்ளே போய்விடும்.

நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது மங்களூரு. 2010 மே 22. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812, போயிங் 737-800. விமானம் இருக்க வேண்டியதைவிட மிக உயரத்தில் இருந்தது. ஸ்பீட்பிரேக் திறந்திருந்த நிலையிலேயே, இறங்கும் வேகத்தைக் கூட்டுவதற்காகச் சக்கரங்களையும் சுமார் 8,500 அடியிலேயே கீழே இறக்கினார்கள். அப்படியும் உயரம் கணக்குக்கு வரவில்லை. 8,033 அடி நீள ரன்வேயில் சுமார் 5,200 அடியைத் தாண்டித்தான் சக்கரம் தொட்டது. 166 பேரில் 8 பேர்தான் பிழைத்தார்கள். ஸ்பீட்பிரேக் தவறிய கணக்கை ஓரளவுதான் ஈடுகட்டும். அதற்கு மேல் இருந்தால் இறங்கும் முயற்சியைக் கைவிட்டு ஒரு சுற்று சுற்றி வருவதுதான் ஒரே வழி. அதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் கிடையாது. "ஏன் இறங்காமல் மறுபடி மேலே போனான்" என்று பைலட்டைத் திட்டுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தரையைத் தொட்ட பிறகு

இப்போது மையமான விஷயத்துக்கு வருவோம். ஒரு 737-800 இறங்கும்போது எடை சுமார் 65 டன் வரை இருக்கலாம். வேகம் சுமார் 140 நாட், அதாவது மணிக்கு 260 கி.மீ. நொடிக்கு 72 மீட்டர்.

1. தொடும் கணத்தில் விமானம் இன்னும் பறந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு நொடிக்கு முன்பு வரை 65 டன்னையும் தாங்கியது இறக்கை. சக்கரம் பட்டதால் மட்டும் இறக்கை ஓய்ந்துவிடாது. வேகம் அப்படியே இருக்கிறது, ஃபிளாப் முழுதாக வெளியே இருக்கிறது.

2. பிரேக்கின் பிடி, சக்கரத்தின் மேலுள்ள எடையைப் பொறுத்தது. உதாரணத்துக்கு ஒரு கணக்கு: இறக்கை 50 டன்னைச் சுமந்துகொண்டிருந்தால் சக்கரங்களுக்கு மிஞ்சுவது 15 டன் மட்டுமே. 65 டன் வேகத்தை 15 டன்னுக்குரிய உராய்வை வைத்து அடக்க வேண்டும். பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் டயர் சறுக்கப் பார்க்கும். சறுக்காமல் தடுக்கும் ஆன்டி-ஸ்கிட் கருவி பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். ஆக, பிடிமானம் கிடைக்காது.

3. தகடுகள் எழுந்ததும் நிலைமை தலைகீழாகிறது. தூக்குவிசை பெருமளவு போய்விடும். விமானத்தின் எடை சக்கரங்களின் மேல் உட்கார்ந்துவிடும். பயணிகள் இதை உடலிலேயே உணரலாம். தொட்ட பிறகு விமானம் இன்னொரு முறை லேசாக அமுங்குவது போலிருக்கும். அப்புறம்தான் முன்னே தள்ளும் அந்த பலமான பிரேக் வரும்.

4. தகடுகள் எழாவிட்டால், ஆரம்பத்தில் பிரேக்கின் திறன் 60 சதவீதம் வரை குறைந்துபோகலாம் என்று போயிங்கின் பயிற்சிக் கையேடு எச்சரிக்கிறது.

5. தாமதம் ஒவ்வொரு நொடிக்கும் 72 மீட்டர் விலை கேட்கும். இரண்டு நொடி போனால் ஏறக்குறைய 145 மீட்டர் ரன்வே பிரேக் பிடிக்காமலே பின்னால் போய்விடும்.

இந்த வேகத்தில் 65 டன் விமானத்தில் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 47 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அரை நிமிடம் அளவில் அதில் பெரும்பகுதியைச் சக்கரப் பிரேக்குகள் வெப்பமாக வாங்கிக்கொள்ள வேண்டும். வேகம் பாதியானால் ஆற்றல் கால்பங்காகிவிடும். அதனால் முதல் சில நொடிகளில் குறையும் வேகத்துக்கு மதிப்பு அதிகம். தகடுகளின் காற்றுத்தடையும் எஞ்சினின் ரிவர்ஸும் நன்றாக உதவுவது அந்த முதல் நொடிகளில்தான். வேகம் குறையக் குறைய இரண்டும் பலமிழக்கும்.

ரிவர்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. எஞ்சின் பின்னால் தள்ளும் காற்றை முன்பக்கம் திருப்பிவிடுவதுதான் ரிவர்ஸ் த்ரஸ்ட். இறங்கியதும் வரும் பெரிய உறுமல் இதனுடையது. சத்தத்தை வைத்து விமானத்தை நிறுத்துவது அதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் உலர்ந்த ரன்வேயில் ஒரு விமானம் இறங்க எவ்வளவு நீளம் வேண்டும் என்று சான்றளிக்கும்போது ரிவர்ஸைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. தகடும் பிரேக்கும் சேர்ந்துதான் அந்தக் கணக்கு. ரிவர்ஸ் அதற்கு மேல் கிடைக்கும் உபரி.

யார் திறப்பது?

பெரிய விமானங்களில் இந்த வேலையைக் கையால் செய்வதில்லை. இறங்கும் முன்பே நெம்புகோலை "ஆர்ம்" என்ற நிலையில் வைத்துவிடுவார்கள். அதாவது, இறங்கியதும் தானே திறந்துகொள் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. 737-இல் இந்த நெம்புகோல் எஞ்சின் லீவர்களுக்கு இடதுபக்கம் இருக்கிறது. ஆர்ம் செய்ததும் ஒரு பச்சை விளக்கு எரியும். சக்கரங்கள் தரையில் பட்டு வேகமாகச் சுழன்றதும், அல்லது சக்கரக்கால் அமுங்கியதும், யாரும் தொடாமலே அந்த நெம்புகோல் கடகடவென்று பின்னோக்கி ஓடும். விமானத்தை ஓட்டாத மற்ற பைலட் அதைக் கண்ணால் பார்த்து "ஸ்பீட்பிரேக்ஸ் அப்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். ஓடாவிட்டால் அதையும் சொல்ல வேண்டும். கேப்டன் உடனே கையால் இழுப்பார்.

அந்த ஒற்றை வாக்கியத்தைக் கட்டாயமாக்கியதற்குப் பின்னால் பல உயிர்கள் இருக்கின்றன.

1999 ஜூன் 1, அமெரிக்காவின் லிட்டில் ராக். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1420, எம்டி-82 வகை. இடிமழைக்கு நடுவே அவசர அவசரமாக இறங்கியதில் ஸ்பாய்லரை ஆர்ம் செய்ய விட்டுப்போனது. இறங்கிய பிறகு தகடுகள் எழவில்லை என்பதை இரண்டு பைலட்டுகளும் கவனிக்கவில்லை. ஈரமான ரன்வேயில் பிரேக் பிடிக்கவில்லை. விமானம் ரன்வேயைத் தாண்டிப் போய் உடைந்தது. கேப்டன் உட்பட 11 பேர் இறந்தார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடந்திருக்கிறது. 1970 ஜூலை 5, கனடாவின் டொரான்டோ. ஏர் கனடா 621, டிசி-8 விமானம். ஸ்பாய்லரை எப்போது ஆர்ம் செய்வது என்பதில் கேப்டனுக்கும் துணை பைலட்டுக்கும் வேறு வேறு பழக்கம். கடைசியில் தரைக்கு மேல் சுமார் 60 அடியில் இருக்கும்போது துணை பைலட் ஆர்ம் செய்வதற்குப் பதிலாக முழுதாகத் திறந்துவிட்டார். விமானம் தரையில் போய் மோதியது. மறுபடி மேலேற முயன்றபோது ஓர் எஞ்சின் கழன்று விழுந்திருந்தது, எரிபொருள் தீப்பிடித்தது. 109 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பூமிக்குப் பக்கத்தில் தகடு திறந்தால் எவ்வளவு தூக்குவிசை போகும் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை.

அதனால் இன்றைய விமானங்களில், தரையில்தான் இருக்கிறோம் என்பது கணினிக்கு உறுதியானால் மட்டுமே எல்லாத் தகடுகளும் முழுதாக எழும். ஆனால் தரையில் இருப்பதை எப்படி உறுதி செய்வது? அங்கேதான் அடுத்த சிக்கல்.

1993 செப்டம்பர் 14, போலந்தின் வார்சா. லுஃப்தான்சா 2904, ஏ320. பக்கவாட்டுக் காற்றை எதிர்பார்த்து பைலட்டுகள் விமானத்தைச் சற்றுச் சாய்த்து, வழக்கத்தைவிட வேகமாக இறக்கினார்கள். வலதுபக்கச் சக்கரம் ரன்வே தொடக்கத்திலிருந்து 770 மீட்டரில் பட்டது. இடதுபக்கச் சக்கரம் 9 நொடி கழித்து, 1,525 மீட்டரில்தான் பட்டது. தகடு எழ இரண்டு சக்கரக்கால்களும் எடையால் அமுங்க வேண்டும், அல்லது சக்கரங்கள் 72 நாட் வேகத்துக்கு மேல் சுழல வேண்டும் என்பது அப்போதைய விதி. ஒரு கால் காற்றில் இருந்தது. பட்ட சக்கரமோ தண்ணீர்ப் படலத்தின் மேல் மிதந்ததால் வேகமாகச் சுழலவில்லை. இன்னும் வானத்தில்தான் இருக்கிறோம் என்று கணினி எடுத்துக்கொண்டது. தகடு எழவில்லை, ரிவர்ஸும் வேலை செய்யவில்லை. பைலட்டால் கையால் திறக்கவும் வழியில்லை. 2,800 மீட்டர் ரன்வே போதாமல் விமானம் மண்மேட்டில் மோதியது. 2 பேர் இறந்தார்கள்.

2007 ஜூலை 17 அன்று பிரேசிலின் சாவோ பாவ்லோவில் நடந்த டிஏஎம் 3054 விபத்திலும் தகடுகள் எழவில்லை. ஓர் எஞ்சினின் லீவர் குறைந்த நிலைக்குக் கொண்டுவரப்படாமல் மேலேறும் விசையிலேயே நின்றுவிட்டது. ஓர் எஞ்சின் விசை கொடுக்கும்போது தகடு திறக்கக் கூடாது என்பது கணினிக்குச் சொல்லப்பட்ட விதி. 199 பேர் இறந்தார்கள், அதில் 12 பேர் தரையில் இருந்தவர்கள்.

மழையில் அழுத்தி இறங்குவது

தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையைத் தொடும் ஜூன் தொடக்கத்திலிருந்து, வடகிழக்குப் பருவமழை ஓயும் டிசம்பர் வரை நம் பக்கத்தில் ரன்வே ஈரமாக இருக்கும் நாட்கள் ஏராளம். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமும் உண்டு, திருவனந்தபுரத்துக்கும் அப்படியே.

ரன்வேயில் தண்ணீர் தேங்கியிருந்தால் டயர் தண்ணீரின் மேலேயே மிதந்துபோகும். இதற்குப் பழைய எளிய கணக்கு ஒன்று உண்டு: டயர் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால், மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் அளவில் கிடைக்கும். 200 பிஎஸ்ஐ டயருக்கு அது சுமார் 127 நாட். விமானம் தொடுவதோ 140 நாட் வேகத்தில். ஆகவே தேங்கிய தண்ணீரில் மெத்தென்று இறக்கினால், சக்கரம் சுழலாமல் மிதக்கும், சுழலாததால் தகடு எழத் தாமதமாகும், தகடு எழாததால் எடை இறங்காது, எடை இறங்காததால் மிதப்பது தொடரும். ஒன்று இன்னொன்றை வளர்க்கும்.

இதை உடைக்கப் பைலட்டுக்குச் சொல்லிக்கொடுப்பது: குறித்த இடத்தில், தயங்காமல், அழுத்தமாகத் தொடு. சக்கரம் தண்ணீரைக் கிழித்துத் தார்ப்பரப்பைத் தொட வேண்டும், கால் அமுங்க வேண்டும், தகடு உடனே எழ வேண்டும். பயணிகளுக்கு அது "டமால்" என்ற இறக்கமாகத் தெரியும். "புது பைலட் போல" என்று முணுமுணுப்பு வரும். பூப்போல இறக்க முயன்று ரன்வேக்கு மேலேயே மிதந்து, நூற்றுக்கணக்கான மீட்டரை வீணாக்குபவரைவிட, மழையில் முதுகு அதிர இறக்குபவரைத்தான் நான் நம்புவேன். வெயில் நாளில், நீளமான ரன்வேயில் மெத்தென்று இறக்கினால் ரசிக்கலாம். மழையில் அதை எதிர்பார்ப்பது தவறு.

கோழிக்கோட்டில் 2020 ஆகஸ்ட் 7 அன்று நடந்ததை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். கொட்டும் மழை, பின்னாலிருந்து தள்ளும் காற்று. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 1344 விமானம் 8,858 அடி ரன்வேயில் சுமார் 4,438 அடி போன பிறகுதான் தொட்டது. பாதி ரன்வே தொடும் முன்பே தீர்ந்துவிட்டது. மேட்டுநில ரன்வேயின் முனையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்ததில் 21 பேர் இறந்தார்கள், இரண்டு பைலட்டுகள் உட்பட. திருவனந்தபுரம் ரன்வே சுமார் 3.4 கி.மீ. நீளம், சமதளம். அது பெரிய அனுகூலம்தான். ஆனால் தொடும் இடம் தள்ளிப்போனால் எந்த நீளமும் சுருங்கிவிடும்.

எல்லா விமானத்திலும் இது உண்டா?

தூத்துக்குடி வாகைக்குளத்திலிருந்து ஏடிஆர் விமானத்தில் போனவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஏடிஆர் 72-இல் இறக்கைக்கு ஒரு சிறு ஸ்பாய்லர் உண்டு, ஆனால் அது விமானத்தைச் சாய்க்க மட்டும். தரையில் வேகம் குறைக்க அதற்கு வேறு வசதி இருக்கிறது. புரொப்பெல்லர் இலைகளின் கோணத்தைத் தட்டையாக்கினால், சுழலும் புரொப்பெல்லரே காற்றுக்குப் பெரிய தடையாகிவிடும்.

பிஏஇ 146, ஃபோக்கர் 100 போன்ற விமானங்களில் வாலின் முனையே இரண்டாகப் பிளந்து விரியும். காற்றுத்தடையை மட்டும் கூட்டும், தூக்குவிசையை அவ்வளவாகக் கெடுக்காது. அதனால் தரைக்கு நெருக்கத்திலும் அதைத் திறந்து வைக்கலாம். பிஏஇ 146-இல் ரிவர்ஸே கிடையாது. வாலும் ஸ்பாய்லரும் பிரேக்கும்தான்.

லாக்ஹீட் டிரைஸ்டார் இன்னொரு வழி கண்டது. கடைசிக் கட்டத்தில் ஸ்பாய்லர்களைச் சற்றே திறந்து வைத்து, அவற்றைக் கூட்டிக் குறைத்தே உயரத்தைத் திருத்தும். மூக்கை மேலும் கீழும் ஆட்ட வேண்டியதில்லை. அன்றைக்கு அது அருமையான யோசனை.

அடிக்கடி வரும் சில கேள்விகள்

தொட்ட பிறகு மறுபடி மேலேற வேண்டுமென்றால் தகடுகள் தடுக்காதா? 737-இல் பைலட் எஞ்சின் லீவரை முன்னே தள்ளினால் தகடுகள் தானாக மடங்கிவிடும். ஆனால் ரிவர்ஸை இழுத்துவிட்டால் அப்புறம் நின்றே தீர வேண்டும் என்பது கண்டிப்பான விதி. மங்களூரில் ரிவர்ஸ் இழுத்த பிறகுதான் மேலேற முயன்றார்கள்.

ரன்வேயை விட்டுத் திரும்பும்போது வரும் "ஊ" என்ற சத்தம் என்ன? ஃபிளாப் உள்ளே போகும் சத்தம். தகடுகளும் அதே நேரத்தில்தான் மடங்கும்.

வானத்தில் ஒரு பக்கத்துத் தகடுகள் மட்டும் எழுந்து எழுந்து அடங்குகின்றன, பழுதா? இல்லை. விமானம் திரும்பும்போது எய்லரானுக்குத் துணையாக, தாழ வேண்டிய பக்கத்து ஸ்பாய்லர் கொஞ்சம் எழும். இடதுபக்கம் திரும்பினால் இடது இறக்கையில், வலதுபக்கம் திரும்பினால் வலதில். காற்று குலுக்கும் நாளில் விமானத்தை நேராக வைத்திருக்க இரண்டு பக்கமும் மாறி மாறி எழுவதைப் பார்க்கலாம்.